ஒட்டுறுப்பு அறுவையும் தடுப்பு ஆன்டிபயாட்டிக் மருந்துகளும்

நமது நாட்டின் பெரிய மருத்துவமனைகளில் உள்நோயாளிகளாக இருப்போருள் எத்தனை பேருக்கு ஆன்டிபயாட்டிக் மருந்துகள் கொடுக்கப்படுகின்றன என்பதை அறியும் பொருட்டு, தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 நவம்பர் முதல் 2022 ஏப்ரல் வரை 20 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வை நடத்தியது. ஆய்வு நடந்த நாளன்று படுக்கையில் இருந்தவர்களுள் சுமார் 72 சதவிகிதத்தினர் ஏதேனும் ஓர் ஆன்டிபயாட்டிக் மருந்தைப் பெற்று வந்தனர். மருத்துவமனைகளை அறிந்தவர்களுக்கு இவ்வெண் வியப்பளிக்காது. ஆனால் அடுத்து வரும் எண் சிந்தனைக்குரியது. மருந்து பெற்றவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, அதாவது 55 சதவிகிதத்தினருக்கு, நோய்த்தொற்று இருந்ததால் மருந்து கொடுக்கப்படவில்லை. தொற்று வந்துவிடக் கூடாதே என்ற முன்னெச்சரிக்கையின் பேரில் கொடுக்கப்பட்டது.

பொருளியல் நோக்கில் பார்த்தால், தடுப்பு மருந்து காப்பீட்டுக்குச் செலுத்தும் பிரிமியத்தை ஒத்தது. நேரக்கூடிய இழப்பு பெரிதாகவும், அது நேருவதற்கான வாய்ப்பு கணிசமாகவும் இருக்குமாயின் பிரிமியம் செலுத்துவது அறிவுடைமை. இரண்டுமே சிறியனவாக இருக்கையில் அதே பிரிமியத்தைச் செலுத்துவது வீண்செலவு. ஆன்டிபயாட்டிக்கைப் பொறுத்தவரை மற்றொரு சிக்கலும் உண்டு. பிரிமியத்தின் ஒரு பகுதியை மருந்தைப் பெறுபவர் செலுத்துவதில்லை, வேறொருவர் செலுத்துகிறார். அந்த வேறொருவர் யார் என்பதைப் பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சைத் துறையில் மிகத் தெளிவாகக் காணலாம்.

பிளாஸ்டிக் அறுவை என்றவுடன் அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சை என்றே பலர் எண்ணுகின்றனர். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் பெயர்ப் பலகைகளில் காணப்படும் ‘ஒட்டுறுப்பு அறுவை’ என்ற சொல் அதன் உண்மையான பணியை இன்னும் நன்றாக உணர்த்துகிறது. தீக்காயம் பட்டவர்கள், இயந்திரத்தில் கை சிதைந்த தொழிலாளர்கள், உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த குழந்தைகள், புற்றுநோயால் மார்பகத்தையோ தாடையையோ இழந்தவர்கள், தொழுநோயால் விரல்கள் மடங்கிப் போனவர்கள் ஆகியோரே இத்துறையின் நாள்தோறும் வரும் நோயாளிகள். இந்தியாவில் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓரளவு அல்லது கடுமையான தீக்காயத்துக்கு உள்ளாகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. முகத்தில் ஒரு மச்சத்தை அகற்றிக்கொள்ள வந்தவரும், உடலில் பாதி வெந்துபோன பெண்ணும் ஒரே துறையில், பல இடங்களில் ஒரே மாடியில், சிகிச்சை பெறுகின்றனர்.

மருந்துக்கு முந்திய காலம்

ஆன்டிபயாட்டிக் மருந்து இல்லாத காலத்திலும் இத்துறை இருந்தது. நெற்றித் தோலைத் திருப்பி மூக்கை அமைக்கும் முறை நமது நாட்டில் தொன்றுதொட்டு வழங்கியது. 1792-ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் ஆங்கிலப் படையின் மாட்டு வண்டி ஓட்டியான கவாஸ்ஜி என்பவர் சிறைப்பட்டு மூக்கை இழந்தார். பின்னர் புனாவைச் சார்ந்த பகுதியில் ஓர் இந்திய வைத்தியர் அவருக்குப் புதிய மூக்கை அமைத்துக் கொடுத்த செய்தி, 1794-இல் இலண்டனில் ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ என்ற இதழில் படத்துடன் வெளியாயிற்று. அதைப் படித்த கார்ப்யூ என்ற ஆங்கில மருத்துவர் 1814-இல் அம்முறையை அங்கே செய்து காட்டினார். அந்நாளில் கிருமி என்பது பற்றிய அறிவே இல்லை. கை கழுவும் வழக்கமும் இல்லை.

அப்படியிருந்தும் அந்த மூக்குகள் பிழைத்ததற்குக் காரணம் முகத்தின் இரத்த ஓட்டமே. இரத்தம் மிகுதியாகப் பாயும் இடத்தில் உடலின் காவல் அணுக்கள் விரைந்து வந்து சேருகின்றன. காயம் எளிதில் ஆறுகிறது. ஆகவே முன்னோர் மருந்தின்றியே வென்றனர் என்று பெருமை கொண்டாடுவதற்கு இதில் இடமில்லை. அதே காலத்தில் தொடையிலும் வயிற்றிலும் கத்தி பட்டவர்களுள் பெரும்பாலோர் சீழ்பிடித்து மாண்டனர். உடலின் எல்லா இடங்களும் கிருமிக்கு ஒரே அளவில் இடம் கொடுப்பதில்லை என்பதே நாம் இங்குக் கொள்ள வேண்டிய செய்தி.

1928-இல் பெனிசிலின் கண்டறியப்பட்டதும், இரண்டாம் உலகப் போரில் அது பயன்பட்டதும் நிலைமையை மாற்றின. விடுதலைக்குப் பின் நமது அரசு முதலில் தொடங்கிய மருந்துத் தொழிற்சாலை ஆன்டிபயாட்டிக்குக்கான தொழிற்சாலையே. உலக சுகாதார நிறுவனம், யுனிசெப் ஆகியவற்றின் உதவியுடன் 1954-இல் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவனம் அமைக்கப்பட்டு, மறு ஆண்டில் உற்பத்தி தொடங்கிற்று. மருந்து கிடைக்கவில்லை என்பதே அன்றைய கவலை. கிடைக்கும் மருந்து வேலை செய்யாமற் போகக் கூடும் என்ற கவலையை 1945-இல் நோபல் பரிசு பெறும்போது அலெக்சாண்டர் பிளெமிங் வெளியிட்டிருந்தார். அதனைப் பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எப்போது கொடுப்பது?

தடுப்பு மருந்தின் பயன் அதன் அளவைக் காட்டிலும் நேரத்தையே பெரிதும் பொறுத்திருக்கிறது. இதை முதன்முதலில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவியவர் பாஸ்டன் நகரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஜான் பர்க். இவரே பின்னாளில் தீக்காயம் பட்டவர்களுக்கான செயற்கைத் தோலை உருவாக்குவதில் பங்கு கொண்டவர். 1961-இல் வெளியான அவருடைய ஆய்வில், கினி எலிகளின் தோலுக்குள் கிருமி செலுத்தப்பட்டது. கிருமி நுழையுமுன்பே மருந்து திசுவில் இருந்தால் புண் உண்டாகவில்லை. மருந்து தாமதமாகத் தாமதமாக அதன் பயன் குறைந்து, 3 மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது கொடுத்ததும் கொடாததும் ஒன்றாயின.

எலிகளிடம் கண்டது மனிதர்களிடமும் உண்மையாயிற்று. அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் 2,847 அறுவை நோயாளிகளைக் கவனித்து 1992-இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இது: கத்தி படுவதற்கு முந்திய 2 மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களிடையே காயத் தொற்று 0.6 சதவிகிதம். அதற்கும் முன்னதாகவே பெற்றுவிட்டவர்களிடையே 3.8 சதவிகிதம். அறுவை தொடங்கி 3 மணி நேரத்துக்குப் பின் பெற்றவர்களிடையே 3.3 சதவிகிதம். மிகவும் முந்துவதும் மிகவும் பிந்துவதும் ஏறத்தாழ ஒரே தீங்கையே விளைத்தன.

காரணத்தை விளக்குவது எளிது. இப்பணிக்கு உலகெங்கும் முதலிடம் பெறும் மருந்து செஃபசோலின். தோலில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிகளின் மீது நன்கு வேலை செய்வது, மலிவானது. நரம்பில் செலுத்தியதும் அது சில நிமிடங்களில் திசுக்களைச் சென்றடைகிறது. ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைகிறது. ஆகையால் கத்தி படுவதற்கு முந்திய ஒரு மணி நேரத்துக்குள் 2 கிராம் கொடுத்து, அறுவை 4 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மீண்டும் ஒருமுறை கொடுப்பது முறையாகக் கொள்ளப்படுகிறது. குழந்தைகளுக்கு எடைக்கேற்ப அளவு மாறும்.

நடைமுறையில் நிகழ்வது வேறு. காலை 7 மணிக்கு வார்டுச் செவிலியர் பட்டியலில் உள்ள அனைவருக்கும் ஊசி போட்டு விடுகிறார். ஐந்தாவது நோயாளி அறுவை மேசைக்கு வரும்போது பிற்பகல் 2 மணி. கத்தி படும் நேரத்தில் அவர் உடலில் மருந்து பெயரளவுக்கே எஞ்சியிருக்கும். பதிவேட்டிலோ ‘தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டது’ என்று இருக்கும். செவிலியரைக் குறை கூறிப் பயனில்லை. அவருக்கு இடப்பட்ட கட்டளை அது. இவ்வேலையை வார்டிலிருந்து எடுத்து, அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் ஒப்படைத்தால் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், ‘கடந்த 60 நிமிடங்களுக்குள் தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டதா?’ என்ற கேள்வி இடம் பெற்றுள்ளது. புதுதில்லி உட்பட 8 நகரங்களில் இப்பட்டியலைச் சோதித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், காயத் தொற்று 6.2 சதவிகிதத்திலிருந்து 3.4 சதவிகிதமாகக் குறைந்தது. அக்கேள்விக்கு ‘தேவையில்லை’ என்று விடையளிக்கவும் அப்பட்டியலில் இடம் உண்டு. அந்தக் கட்டத்தில் குறியிடுவதற்கு நமது மருத்துவர்கள் தயங்குகின்றனர்.

யாருக்குத் தேவை?

அறுவைக் காயங்களைத் தூய்மையானவை, ஓரளவு மாசுபட்டவை, மாசுபட்டவை, சீழ்பிடித்தவை என நான்கு வகையாகப் பிரிக்கும் முறை 1964-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது; இன்றும் வழக்கில் உள்ளது. சீழ்பிடித்த காயத்துக்குக் கொடுப்பது தடுப்பு ஆகாது, சிகிச்சையாகும். ஏனைய மூன்றையும் பற்றியே இங்குப் பேச்சு.

அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கம் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் பரிந்துரைகளை வெளியிட்டது. தோல், கை, முகம், கழுத்து ஆகியவற்றில் செய்யும் தூய்மையான அறுவைக்கும், வயிற்றுத் தோலைச் சீரமைக்கும் அறுவைக்கும் தடுப்பு ஆன்டிபயாட்டிக் பரிந்துரைக்கப்படவில்லை. மார்பக அறுவைக்கும், கையிலும் தலை கழுத்துப் பகுதியிலும் மாசுபட்ட காயங்களுக்குச் செய்யும் அறுவைக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

இந்த வேறுபாட்டின் பொருளைச் சிறு கணக்கின் மூலம் காணலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. முகத்தில் சிறு அறுவை செய்துகொள்ளும் 100 பேரில் ஒருவருக்குத் தொற்று வருகிறது என்றும், மருந்து அதைப் பாதியாகக் குறைக்கிறது என்றும் கொள்வோம். ஒருவரைக் காக்க 200 பேர் மருந்து பெற வேண்டும். அந்த ஒருவருக்கு வரக்கூடிய துன்பமும் பெரும்பாலும் இரண்டு தையலைப் பிரித்துக் கழுவிக் கட்டுவதோடு தீரும். மார்பகத்தை இழந்த பெண்ணுக்குச் சிலிக்கோன் உறை பொருத்தும் அறுவையில் 100-க்கு 10 பேருக்குத் தொற்று வருமானால், 20 பேருக்கு மருந்து கொடுத்து ஒருவரைக் காக்கலாம். அவ்வாறு காக்கப்படாதவர் பொருத்திய உறையையே இழக்க நேரிடும். ஏனெனில் அயற்பொருளின் மேல் கிருமிகள் மெல்லிய படலமாகப் படிந்துவிட்டால் எந்த மருந்தும் உள்ளே எளிதில் புக முடியாது. முதலாமவருக்கு மறுத்து இரண்டாமவருக்குக் கொடுப்பது பாரபட்சம் ஆகாது.

தீக்காயத்தைப் பற்றித் தனியே கூற வேண்டும். வெந்த தோலைக் கண்டதும் ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் வெந்த தோலில் இரத்த ஓட்டம் இல்லை; நரம்பில் செலுத்தும் மருந்து அங்கே சென்று சேருவதில்லை. உடலின் மற்றப் பகுதிகளிலுள்ள எளிய கிருமிகளை அழித்து, முரட்டுக் கிருமிகளுக்கு இடத்தைக் காலி செய்து கொடுப்பதே அதனால் விளையும் பயன். எனவே வழக்கமாக எல்லாத் தீக்காயத்துக்கும் தடுப்பு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதைப் பன்னாட்டுத் தீக்காயச் சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி ஏற்கவில்லை. காயத்தைக் கழுவுவதும், மேற்பூச்சு மருந்திடுவதும், வெந்த தோலை விரைவில் அகற்றிப் புதுத்தோல் ஒட்டுவதுமே அங்கே உண்மையான தடுப்பு.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. துண்டான விரலையோ திசுப்பகுதியையோ ஒட்டிய பின் அதிலிருந்து இரத்தம் திரும்பிச் செல்ல வழியின்றித் தேங்கினால், அதை உறிஞ்ச இன்றும் அட்டைகளை விடுகின்றனர். சுஸ்ருதர் விவரித்த இம்முறைக்கு அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 2004-இல் அனுமதி வழங்கியது. அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்ற கிருமி வாழ்கிறது. அது ஒட்டிய திசுவை அழித்துவிடும். ஆகையால் அட்டை கடிக்கும் நாட்கள் முழுவதும் தடுப்பு மருந்து அவசியமாகிறது. இங்கே கிருமி இன்னதென்று தெரியும். அது நுழையும் வழியும் நேரமும் தெரியும். தடுப்பு மருந்து தன் முழுப் பயனையும் தருவது இத்தகைய இடங்களில்தான்.

எத்தனை நாள்?

தடுப்பு மருந்தைப் பற்றிய வாதங்கள் அனைத்திலும் இதுவே மையமானது. காயத்தைத் தைத்து மூடிய பின் மருந்து தேவையில்லை என்பது 2016-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியின் தீர்ப்பு. 69 சோதனைகளில் பங்கு பெற்ற 21,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து இம்முடிவுக்கு வந்தனர். காயத்தில் வடிகுழாய் இருப்பினும் நீட்டிக்க வேண்டியதில்லை. நம் நாட்டு வழக்கமோ 3 நாள் ஊசியும் அதன்பின் 5 நாள் மாத்திரையும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்பதே இதற்குக் கூறப்படும் காரணம்.

அவ்வாறு இருக்கட்டும் என விடுவதற்கும் விலை உண்டு. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் அறுவை செய்துகொண்ட 79,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் 2019-இல் வெளியாயின. கூடுதல் நாட்கள் மருந்து பெற்றவர்களிடையே காயத் தொற்று குறையவில்லை. சிறுநீரகப் பாதிப்பும், ஆன்டிபயாட்டிக்கால் உண்டாகும் கடும் வயிற்றுப்போக்கும் நாளுக்கு நாள் கூடின.

விதிக்கு விலக்கு இல்லாமல் இல்லை. தாடை எலும்பை வெட்டிச் சீரமைக்கும் அறுவையில் சற்று நீண்ட காலம் மருந்து கொடுப்பதால் பயன் இருக்கக் கூடும் என்று சில சோதனைகள் காட்டுகின்றன. பிளவுண்ட அண்ணத்தைத் தைக்கும் அறுவை வாய்க்குள் நடப்பது. அங்கே கிருமிகள் இயல்பாகவே நிறைந்துள்ளன. குவாஹாட்டியிலுள்ள ஒரு மையத்தில் 518 நோயாளிகளிடம் நடந்து 2015-இல் வெளியான சோதனையில், அறுவைக்குப் பின் 5 நாள் அமாக்சிசிலின் பெற்றவர்களுள் சுமார் 11 சதவிகிதத்தினருக்கும், போலி மாத்திரை பெற்றவர்களுள் சுமார் 17 சதவிகிதத்தினருக்கும் தைத்த இடத்தில் துளை விழுந்தது. புள்ளியியல் அளவுகோலில் இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்ளேயே நின்றது. எனினும் குழந்தைக்கு மறு அறுவை என்பது சிறு செய்தியன்று. இத்தகைய இடங்களில் மருத்துவரின் தயக்கம் நியாயமானதே. நமது நாட்டிலேயே செய்த சோதனை என்பதால் இதற்குத் தனி மதிப்பும் உண்டு. இவை போன்றவை இன்னும் பல நடைபெற வேண்டும்.

பிரிமியம் செலுத்துபவர் யார்?

மருத்துவர் ஏன் நீட்டிக்கிறார்? தொற்று வந்தால் பழி அவர் மீது விழும். மருந்தை நீட்டித்ததால் வரும் தீங்குக்கு அவரை எவரும் பொறுப்பாக்குவதில்லை. நோயாளியும் மாத்திரையின்றி வீடு திரும்பினால் சிகிச்சை அரைகுறையாயிற்று என்று எண்ணுகிறார். அறுவை அரங்கின் காற்றும் நீரும் தூய்மையாக இல்லை, ஆகவே மருந்தாவது இருக்கட்டும் என்போரும் உளர். அரங்கைச் சுத்தப்படுத்தும் செலவை மருந்துக் கணக்கில் எழுதுவது என்பதே இதன் பொருள். மயிரைச் சவரக்கத்தியால் மழிக்காமல் கத்தரிப்பது, நோயாளியின் உடற்சூட்டையும் இரத்தச் சர்க்கரையையும் காப்பது, தோலை ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் கொண்டு துடைப்பது ஆகியவற்றின் பயனை மாத்திரை ஈடு செய்யாது.

தனித்தனியே நோக்கின் இவர்கள் ஒவ்வொருவரின் செயலும் அறிவுக்குப் பொருந்துவதே. கிணற்று நீர்ப்பாசனத்தைப் படித்த பொருளியல் மாணவர்கள் இதை உடனே அடையாளம் காண்பர். ஒவ்வொருவரும் தம் வயலுக்கு நீர் இறைக்க, எல்லாருடைய கிணறும் வற்றுகிறது. மருந்துக்குப் பணியாத கிருமிகளால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்தனர் என்று 2022-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது.

அக்கிணறு வற்றுவது முதலில் தெரியவரும் இடங்களுள் தீக்காய வார்டு ஒன்று. தோல் என்ற வேலியை இழந்து வாரக்கணக்கில் படுத்திருக்கும் நோயாளியின் காயத்தில் சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள் குடியேறுகின்றன. மருந்து உண்மையாகவே வேண்டியவர் அவர். வழக்கமான மருந்துகள் பயனற்றுப்போன நிலையில், சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யும் கோலிஸ்டின் போன்ற கடைசி மருந்தை நாட வேண்டியதாகிறது. அடுத்த அறையில் மச்சம் அகற்றிக்கொண்டவர் உண்ட 5 நாள் மாத்திரைக்கான பிரிமியத்தில் ஒரு பங்கை இவரே செலுத்துகிறார்.

அரசு வாளாவிருக்கவில்லை. மூன்றாம் தலைமுறைச் செஃபலோஸ்போரின் உள்ளிட்ட மருந்துகளை எச்1 அட்டவணையில் சேர்த்து, அவற்றின் விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்தது. தேசியச் செயல்திட்டம் 2017-இல் வெளியிடப்பட்டது. மாநிலங்களுள் முதலாவதாகக் கேரளம் 2018-இல் தனக்கெனச் செயல்திட்டம் வகுத்தது. ஆன்டிபயாட்டிக் எழுதும்போது அதற்கான காரணத்தையும் சீட்டில் குறிப்பிடுமாறு சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் 2024 ஜனவரியில் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டார்.

மருத்துவப் பயிற்சி இல்லாத நிர்வாக அதிகாரியும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அறுவைப் பதிவேட்டையும் மருந்துக் கிடங்கின் வழங்கற் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒரு மாதத்தில் தடுப்பு மருந்து தேவைப்பட்ட அறுவைகள் 200 எனில், ஒருவருக்கு 2 கிராம் வீதம் ஒரு கிராம் செஃபசோலின் குப்பிகள் 400 செலவாகியிருக்க வேண்டும். நீண்ட அறுவைகளுக்காக மேலும் நூறு சேர்த்துக்கொள்ளலாம். கிடங்கிலிருந்து 2,000 குப்பிகள் சென்றிருந்தால் எஞ்சியவை எந்த வார்டுக்கு, எத்தனை நாளுக்குப் போயின என்று துறைத் தலைவரைக் கேட்கலாம். செஃபசோலின் சிறிதளவே சென்று, செஃப்ட்ரையாக்சோன் பெருமளவில் சென்றிருந்தால் கேள்வி வேறு. செஃபசோலினைத் தாராளமாகக் கிடைக்க வேண்டிய மருந்து என்றும், செஃப்ட்ரையாக்சோனைக் கண்காணிப்புடன் பயன்படுத்த வேண்டிய மருந்து என்றும் உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. மலிவானதும் பொருத்தமானதும் பட்டியலில் இருக்க, மற்றதை யார் கேட்டு வாங்கினார்கள் என்பதைத் தேவைப் பட்டியலில் உள்ள கையொப்பமே காட்டிவிடும்.